புதிய டிரைவ் மாட்டிய வாரத்துக்குச் சில அறிவுரைகள்

டேப் லைப்ரரியில் இரண்டு டிரைவை நான்காக்கினால் இரவு பேக்கப் பாதி நேரத்தில் முடிந்துவிடும் என்று மேலிடத்தில் சொல்லித்தான் வாங்கியிருப்பார்கள். மாட்டிய அன்றிரவே, நன்றாக ஓடிய பழைய டிரைவும் சேர்ந்து படுத்துக்கொள்ளும். அந்நேரத்தில் போன் செய்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்பவை இவை.

1. புது டிரைவ் கெட்டுப்போய் வந்திருக்கிறது என்று எடுத்த எடுப்பில் முடிவுகட்டாதீர்கள். கழற்றித் திருப்பி அனுப்புவது கடைசி வேலை.

2. டேப்பை எடுத்து மாட்டும் ரோபோவின் கணக்கு வேறு, சர்வரின் கணக்கு வேறு. டிரைவ் லைப்ரரிக்குள் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்து ரோபோ எண் வைக்கிறது. லினக்ஸோ, கண்ணில் பட்ட வரிசைப்படி என்எஸ்டி0, என்எஸ்டி1 என்று பெயர் வைக்கிறது. சென்னைத் தெருக்களில் கதவுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு இருப்பதைப் போலத்தான். ரோபோ கார்ட்ரிட்ஜை மூன்றாவது டிரைவில் போட்டுவிட்டு ஒதுங்கிவிடும்; பேக்கப் மென்பொருள் நான்காவது டிரைவின் வாசலில் காத்திருக்கும். நேரம் கடந்ததும் ‘மவுண்ட் ஆகவில்லை’ என்று டிரைவையே முடக்கி வைக்கும்.

இரண்டு கணக்குக்கும் பொதுவான ஒன்று சீரியல் நம்பர். லைப்ரரியின் முன்பலகையில் ஒவ்வொரு டிரைவின் சீரியல் நம்பரும் தெரியும். சர்வரிலும் கேட்டு வாங்கலாம். இரண்டையும் ஒரு தாளில் அருகருகே எழுதுங்கள். பிறகு எம்டிஎக்ஸ் கட்டளையால் ஒரு காலி டேப்பை ஒரு டிரைவில் ஏற்றி, எந்த என்எஸ்டி ‘ஆன்லைன்’ என்கிறது என்று பாருங்கள். எம்டிஎக்ஸ் டிரைவ்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணும். முன்பலகை பெரும்பாலும் ஒன்றிலிருந்து எண்ணும். பாதிப் பேர் விழுவது இந்தக் குழியில்தான்.

3. இன்று சரியாக இருப்பது ரீபூட்டுக்குப் பின் மாறலாம். அதனால் என்எஸ்டி எண்ணை நம்பாமல், சீரியல் நம்பர் அடிப்படையிலான நிலையான பெயரைக் கொடுங்கள். ‘என்’ இல்லாத எஸ்டி0 பக்கம் கை போகவே வேண்டாம். அது வேலை முடிந்ததும் டேப்பைத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும். அடுத்து எழுதுவது பழையதன் மேல் போய் உட்காரும்.

4. டிரைவ்கள் தெரிகின்றன, ரோபோவைக் காணோம் என்றால், ரோபோவுக்கான கட்டளை எந்த டிரைவ் வழியாகப் போகிறது என்று பாருங்கள். பல லைப்ரரிகளில் ஒரு டிரைவின் இணைப்பில்தான் ரோபோவும் வரும். அதன் கேபிளைப் பிடுங்கினால் ரோபோவும் போயிற்று.

5. டிரைவ், டேப் இரண்டின் தலைமுறையையும் பாருங்கள். எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறை பின்னால் படிக்கலாம் என்பது வழக்கம். எல்டிஓ-8 அதை உடைத்தது. எல்டிஓ-6 டேப்பை அது படிக்காது. எல்டிஓ-9 டிரைவில் புது எல்டிஓ-9 டேப்பை முதன்முறை போட்டால் அது தன்னைச் சரிசெய்துகொள்ள 2 மணி நேரம்வரைகூட ஆகலாம். தொங்கிவிட்டது என்று நினைத்து மின்சாரத்தை அணைக்காதீர்கள்.

6. க்ளீனிங் கார்ட்ரிட்ஜை எல்லாவற்றுக்கும் கஷாயம்போல் கொடுக்கும் பழக்கம் வேண்டாம். டிரைவ் கேட்டால் மட்டும் போடுங்கள்.

7. எல்லாம் ஓடுகிறது, ஆனால் வேகம் கூடவில்லையா? கணக்குப் போடுங்கள். முழு உயர எல்டிஓ-8 டிரைவ் சுருக்காமலே விநாடிக்கு 360 எம்பி எழுதும். நான்குக்கு 1,440 வேண்டும். பத்து கிகாபிட் நெட்வொர்க் முழுமூச்சாக ஓடினாலும் 1,250 தாண்டாது. டேட்டா போதாத டிரைவ் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதுவும் முடியாவிட்டால் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி கிளம்பும். அதில் டேப்பும் தேயும், ஹெட்டும் தேயும். இந்த நிலையில் டேட்டா போதுகிற அளவுக்கு டிரைவ்களைக் குறைத்து ஓடவிடுவதே மேல். வாங்கியவர்களுக்கு இது பிடிக்காது, சொல்லத்தான் வேண்டும்.

8. பழைய டிரைவில் எழுதிய டேப்பைப் புது டிரைவில் போட்டு, ஒரு ஃபோல்டரை ரீஸ்டோர் செய்யுங்கள். என்கிரிப்ஷன் இருந்தால் புது டிரைவுக்குச் சாவி போய்ச் சேர்ந்ததா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். ரீஸ்டோர் ஆன ஃபைலைத் திறந்து பார்க்கும்வரை அந்த டிரைவைத் தினசரிப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.