ஒரு சொல், இரண்டு காவல்



போன மாதம் நூலக பீரியடில் ஆங்கில-தமிழ் அகராதியைப் புரட்டிக்கொண்டிருந்தேன். 'மேன்ட்லெட்' என்ற சொல் கண்ணில் பட்டது. அதற்கு இரண்டு பொருள் போட்டிருந்தது. ஒன்று, தோளை மூடும் குட்டையான மேலாடை. இரண்டு, கோட்டையை முற்றுகையிடும் வீரர்கள் தங்களுக்கு முன்னால் வைத்துக்கொள்ளும் பெரிய கேடயம். துணி எங்கே, கேடயம் எங்கே? அச்சுப்பிழையாக இருக்கும் என்று நினைத்து ஆங்கில மிஸ்ஸிடம் காட்டினேன். "பிழை இல்லம்மா, ரெண்டும் சரிதான். ஏன்னு நீயே கண்டுபிடிச்சு சுவர் இதழுக்கு எழுதிக் கொடு" என்று சொல்லிவிட்டார். அப்படித்தான் இந்தக் கட்டுரை வந்தது. எங்கள் வீட்டில் நடந்த ஒரு சம்பவமும் இதோடு சேர்ந்துகொண்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

சொல் பிறந்த கதை

லத்தீன் மொழியில் 'மேன்டெல்லம்' என்றால் மேலங்கி. அது பிரெஞ்சு மொழிக்குப் போய் 'மேன்டெல்' ஆனது. பிரெஞ்சில் சில சொற்களின் கடைசியில் 'எட்' சேர்த்தால் 'சின்னது' என்று பொருள் வரும். ஆக, மேன்ட்லெட் என்றால் குட்டி மேலங்கி. உடம்பை மூடிக் காப்பது அங்கி. அதேபோல் வீரனை மறைத்துக் காக்கும் பலகைக்கும் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள்.

நம்ம ஊர் கம்பெனிகளில் "மெஷினை டிஸ்மேன்டில் பண்ணியாச்சு" என்று தினமும் சொல்கிறார்கள் அல்லவா? அதுவும் இதே குடும்பத்துச் சொல்தான். அங்கியைக் கழற்றுவது என்பது அதன் அடிப்பொருள். பழைய பிரெஞ்சில் கோட்டை மதிலை இடித்துத் தள்ளுவதற்கும் அந்தச் சொல்லையே சொன்னார்கள். மதில், ஊர் போர்த்தியிருக்கும் அங்கி!

முற்றுகையில் என்ன வேலை?

மதில் மேல் இருப்பவனுக்கு மறைவு உண்டு. கீழே திறந்த வெளியில் வருபவனுக்கு எதுவும் கிடையாது. கையில் பிடிக்கும் கேடயம் ஒருவனுக்கு மட்டும்தான் உதவும். ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டால் மண் தோண்டவும் முடியாது, வில்லை வளைக்கவும் முடியாது. அதனால் தடித்த பலகைகளைச் சேர்த்து ஆள் உயரத்துக்குத் தட்டி போல அடித்தார்கள். சிலவற்றுக்குச் சக்கரமும் மாட்டினார்கள். எதிரி தீ வைத்தால் பிடிக்காமல் இருக்க ஈரமான பச்சைத் தோலை மேலே போர்த்துவார்கள். ஒரு தட்டிக்குப் பின்னால் நாலைந்து பேர் நின்று இரண்டு கையாலும் வேலை செய்யலாம்.

நம் நாட்டிலும் இது உண்டு. 1526 ஏப்ரல் 21-ல் நடந்த முதலாம் பானிபட் போரைப் பாடத்தில் படித்திருக்கிறோம். அது முற்றுகை இல்லை, திறந்தவெளிப் போர். அங்கே தான் செய்த ஏற்பாட்டைப் பாபரே தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். 700 வண்டிகளைப் பச்சைத் தோல் கயிற்றால் பிணைத்து நிறுத்தினார்கள். இரண்டு வண்டிகளுக்கு நடுவே ஐந்து, ஆறு தட்டிகள் வைத்தார்கள். துப்பாக்கி வீரர்கள் அவற்றின் பின்னால் நின்று சுட்டார்கள். அந்தத் தட்டிக்குப் பாபர் சொல்லும் பெயர் 'தூரா'. ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அந்த இடத்தில் போட்ட சொல் மேன்ட்லெட்!

தமிழில் உண்டா?

தமிழ் ஐயாவிடம் கேட்டேன். தொல்காப்பியத்தை எடுத்துக் காட்டினார். புறத்திணையியலில் மதிலை முற்றுகையிடும் போருக்கு உழிஞைத் திணை என்று பெயர். அதில் 'தோலின் பெருக்கம்' என்று ஒரு துறை இருக்கிறது. இங்கே தோல் என்றால் கேடயம். மதிலுக்கு உள்ளே இருப்பவர்கள் பொழியும் அம்பு மழையைத் தடுக்க, கிடுகும் கேடயமும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு முன்னேறுவதுதான் அந்தத் துறை என்று உரையில் விளக்கம் இருக்கிறது.

மாட்டின் உடம்பை மூடியிருந்தபோதும் தோல், வீரனை மறைக்கும்போதும் தோல். மேன்ட்லெட் மாதிரியே ஒரு சொல், இரண்டு காவல்! கிடுகும் அப்படித்தான். பழந்தமிழில் அது கேடயம். பட்டினப்பாலையில் நடுகல்லைச் சுற்றிக் கிடுகுகளை வரிசையாக வைத்து, வேலை ஊன்றிய காவல் ஒன்று உவமையாக வருகிறது. இன்றைக்குத் தென்மாவட்டங்களிலும் இலங்கையிலும் முடைந்த தென்னை ஓலைக்குக் கிடுகு என்று பெயர். நம்ம பக்கம் கீத்து என்கிறோம். கேடயமாக இருந்த பெயர் இப்போது வெயிலையும் மழையையும் தடுக்கிறது.

பக்கத்து ஊர் ஆவடி

ராணுவ டேங்கின் முன்பக்கம் பீரங்கிக் குழாய் வெளியே வரும் இடத்தில் ஒரு திறப்பு இருக்கும். அதை மூடி, குழாயோடு சேர்ந்து ஏறி இறங்கும் கனமான இரும்புக் கவசத்துக்கும் மேன்ட்லெட் என்றுதான் பெயர். 1965-ல் விஜயந்தா டேங்க் வெளிவந்தது ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில். அதே ஆவடியில் ராணுவ வீரர்களுக்குச் சீருடை தைக்கும் படை உடைத் தொழிற்சாலையும் இருக்கிறது. அகராதியில் பார்த்த இரண்டு பொருளும் ஒரே ஊரில்!

எங்கள் வீட்டில் நடந்தது

என் அண்ணன் ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு சின்னப் பட்டறையில் ஹெல்பராக இருக்கிறான். ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, "கண்ணுல மண்ண அள்ளிப் போட்ட மாதிரி இருக்கு" என்று துடித்தான். கண்ணீர் நிற்கவே இல்லை. அம்மா உருளைக்கிழங்கை வெட்டி எடுத்து வந்தார். பக்கத்து வீட்டு ஆயா தாய்ப்பால் விடச் சொன்னார். அப்பா எதற்கும் சம்மதிக்கவில்லை. விடிந்ததும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

வெல்டிங் ஒளியில் புற ஊதாக் கதிர்கள் அதிகம். அவை கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடும், சில மணி நேரம் கழித்துத்தான் வலி தெரியும் என்று டாக்டர் விளக்கினார். மருந்து கொடுத்தார். இரண்டு நாளில் சரியானது. இரண்டு நாள் கூலி போனது.

இதில் நான் யோசித்த விஷயம் ஒன்று. அன்றைக்கு அண்ணன் வெல்டிங் அடிக்கவே இல்லை. பக்கத்தில் நின்று பைப்பை கிரைண்டிங் பண்ணிக்கொண்டிருந்தான். வெல்டருக்குத் தோல் சட்டை இருந்தது, முகத்துக்குக் கறுப்புக் கண்ணாடி வைத்த மறைப்பு இருந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. சுற்றி வைக்கும் தட்டி மட்டும் இல்லை. சட்டை, போட்டிருப்பவரைக் காப்பாற்றும். பக்கத்தில் இருப்பவரைக் காப்பாற்றத் தட்டி வேண்டும். அகராதியில் அந்தச் சொல்லுக்கு ஏன் இரண்டு பொருள் தேவைப்பட்டது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அண்ணனும் அந்த வெல்டர் அண்ணனும் சேர்ந்து பழைய தகர ஷீட்டை ஆங்கிள் பிரேமில் அடித்து, கீழே சக்கரம் மாட்டினார்கள். நான் போய்ப் பார்த்தேன். "அண்ணா, இதுக்குப் பேரு என்ன தெரியுமா?" என்று கேட்டேன். "தகரத் தட்டி" என்றான். அகராதியில் படித்ததைச் சொன்னேன். "அப்ப நாங்க பழைய ஆளுங்கதான்" என்று சிரித்தான்.

நாம் நினைவில் வைக்க வேண்டியவை

1. பள்ளி விட்டுப் போகும்போது ரோட்டோரம் கேட் வெல்டிங் நடந்தால், மத்தாப்பு மாதிரி இருக்கிறது என்று நின்று பார்க்காதீர்கள். நானும் பார்த்தவள்தான். இனி மாட்டேன்.
2. சாதாரண கூலிங் கிளாஸ் இதற்குப் போதாது.
3. கண் எரிந்தால் தேய்க்கக் கூடாது. தாய்ப்பால், உருளைக்கிழங்கு எதுவும் வேண்டாம். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை நாமாக வாங்கி விடக் கூடாது. டாக்டரிடம் போக வேண்டும்.
4. உங்கள் வீட்டில் யாராவது பட்டறையில் வேலை செய்தால் இன்றைக்கே கேளுங்கள்: "உங்களுக்குச் சட்டை இருக்கு. பக்கத்துல நிக்கிறவங்களுக்குத் தட்டி இருக்கா?"

இப்படிக்கு,
பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி