பிடியை விடும் பாடம்

பிள்ளைகள் வளர்ந்து தத்தம் வழியில் செல்லத் தொடங்கும் பருவத்தில், நம் இல்லத்துப் பெண்மணிகள் பலருடைய உள்ளத்தில் ஒரு வினா எழுவதுண்டு. இத்தனை ஆண்டுகள் பிறருக்காக நடந்தோமே, நம் விருப்பப்படி நடக்க ஒரு வழி உண்டா என்பதே அது. 'இனி என்ன, கடமைதான் முடிந்ததே' என்று மறுமொழி கூறுவார்கள். கடமை முடிவதும் விடுதலை பெறுவதும் ஒன்றல்ல. இதனைத் தெளிவுறுத்தும் ஓர் ஆசிரியையின் வரலாற்றை இங்கே காண்போம்.

பிரான்சிஸ் வில்லார்டு அம்மையார் 1839இல் அமெரிக்காவில் பிறந்தவர். இளமையில் தச்சுக் கருவிகளும் தோட்டக் கருவிகளுமாகத் திறந்த வெளியில் திரிந்தவர். 16ஆம் வயதில் நீண்ட பாவாடையும் இறுக்கமான கச்சும் அணிவித்துக் கூந்தலைக் கொண்டையாக முடிந்தார்கள். அன்றோடு அவ்வோட்டம் நின்றது. பின்னர் ஆசிரியையாகி, 1879 முதல் அந்நாட்டுக் கிறித்தவ மகளிர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவியாக விளங்கினார். மது விலக்கை இல்லறத்தாரின் அடிப்படை ஒழுக்கமாகக் கொண்ட நமக்கு அப்பணியின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

1892இல் அவர்தம் அன்னை மறைந்தார். துயரமும் ஓயாத உழைப்பும் அம்மையாரின் உடலைத் தளர்த்தின. இங்கிலாந்தில் தோழியோடு தங்கியிருந்த காலத்தில், 53 வயதில், மிதிவண்டி ஓட்டக் கற்கத் துணிந்தார். முதலில் மூவர் வண்டியைப் பிடித்துக்கொண்டனர், பின் இருவர், பின் ஒருவர், இறுதியில் எவருமில்லை. நாளொன்றுக்குப் பத்து, பதினைந்து நிமிடங்களாக மூன்று மாதப் பயிற்சி. கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ 22 மணி நேரம். ஒரு முழு நாள் கூட இல்லை! இவ்வனுபவத்தை 1895இல் சிறு நூலாகவும் வெளியிட்டார்.

ஆசிரியப் பயிற்சியில் 'எளியதிலிருந்து அரியதற்கு' என்ற நெறியை நாம் மனப்பாடம் செய்ததுண்டு. அம்மையாரின் பயிற்சியில் அதனினும் நுட்பமான ஒன்று உள்ளது. கற்பவர் துணிவது பாதிப் பாடமே. பிடித்திருப்பவர் உரிய நேரத்தில் கையை எடுப்பது மறுபாதி. குடும்பத்தார் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

நம் நாட்டிலும், 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்து அறிவொளி இயக்கத்தார் எழுத்தறிவோடு மிதிவண்டிப் பயிற்சியும் அளித்தனர். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றனர். பெண்களுக்குரிய வண்டிகள் போதாமையால் ஆண்கள் வண்டியில் ஏறினோர் பலர். முன்கம்பியில் குழந்தையை அமர்த்தலாம் என்று அதனையே விரும்பியவரும் உண்டு.

அச்செய்தியைக் கேட்டே நாமும் 1993இல், 43 வயதில், ஏரிக்கரையை ஒட்டிய களத்துமேட்டில் கற்கத் தொடங்கினோம். (அம்மையாரின் வரலாற்றைப் படித்தது பிற்காலத்தில்.) காரணம் பெரிதன்று. ஆறு கிலோமீட்டர் தொலைவிலிருந்த சிற்றூரில் அன்னையார் நோயுற்றிருந்தார். மாலையில் அவ்வழியே பேருந்து இல்லை. பள்ளி விட்டபின் நடந்து சென்று திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். இருட்டுமுன் உணவு முடிக்க வேண்டிய நம் இல்லங்களில் அது இயலாது. ஆகவே, 'இன்று அழைத்துச் செல்வீர்களா?' என்று துணைவரைக் கேட்பதும், அவருக்கு ஓய்வில்லையெனில் பேசாதிருப்பதும் வழக்கமாயிற்று. அவர் மறுத்தவரல்லர். ஆயினும் பெற்ற தாயைக் காண்பதற்கு ஒவ்வொரு முறையும் ஒருவரைக் கேட்க வேண்டியிருந்தது.

சேலை சங்கிலியில் சிக்கி இருமுறை விழுந்தோம். மாணவர்கள் சிரிப்பை அடக்க முயன்றது இன்றும் நினைவிலுள்ளது. வண்டியின் பின்னிருக்கையைப் பிடித்து ஓடிவந்த துணைவரோ, நாம் நன்கு பழகிய பின்னரும் கையை எடுக்கவில்லை. 'விட்டுவிடுங்கள்' என்று கூற நமக்கு ஒரு வாரம் ஆயிற்று. கூறிய அன்று அவர் களத்து ஓரத்தில் நின்றுகொண்டார்.

அதன்பின் இரண்டாண்டுகள், அன்னையார் மறையும் வரை, வாரம் இருமுறையேனும் சென்று வந்தோம். அரை மணி நேரமே அமர முடியும். இருள்வதற்குள் திரும்பிவிடுவோம். குடும்பக் கடமை ஒன்றும் குறையவில்லை. சொல்லப்போனால் மேலும் ஒன்று கூடியது. தெருமுனையில் நாம் மணியடித்ததும், வாயிற்கதவைத் திறந்து வைக்கும்படி அன்னையார் உள்ளிருந்து குரல் கொடுப்பார்.