கண்ணாடித் தகட்டில் கதிரவன்

நுழையும்முன்

திருப்பெரும்புதூர் – ஒரகடம் தொழில்வழித்தடம் மகிழுந்துகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பெயர்பெற்றது. அங்குள்ள பிள்ளைப்பாக்கம் சிப்காட் தொழிற்பூங்காவில் கதிரொளியை மின்னாற்றலாக மாற்றும் தகடுகளும் உருவாகின்றன. அத்தகடு எப்பொருளால் அமைதல் வேண்டும் என்பதை முடிவுசெய்வதில் 15 கோடி கிலோமீட்டர் தொலைவிலுள்ள கதிரவனின் இயல்புக்கும் பங்குண்டு. கதிரவனை அறிந்தால்தான் அதன் ஆற்றலை நன்கு பயன்கொள்ள இயலும்.

கதிரவன் ஒரு விண்மீன்

கதிரவன், விறகைப்போல் எரியும் நெருப்புக்கோளம் அன்று. மின்னேற்றம் பெற்ற வெப்ப வளிமமாகிய பிளாஸ்மாவால் ஆன விண்மீன். அதன் விட்டம் ஏறத்தாழ 13,92,000 கிலோமீட்டர். 109 புவிகளை வரிசையாக அடுக்கினாலே அந்நீளம் நிறைவுறும். அதன் நிறையில் முக்கால் பங்கு ஹைட்ரஜன். எஞ்சியதில் பெரும்பகுதி ஹீலியம். திண்மத் தரை இல்லாமையால் கதிரவன் எங்கும் ஒரே வேகத்தில் சுழல்வதில்லை. நடுக்கோட்டுப் பகுதி ஏறத்தாழ 25 நாள்களிலும் துருவப் பகுதி ஏறத்தாழ 35 நாள்களிலும் ஒருமுறை சுழல்கின்றன.

ஆற்றலின் பிறப்பிடம்

கதிரவனின் உள்ளகத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 1.5 கோடி டிகிரி செல்சியஸ். அங்கு ஒவ்வொரு நொடியும் ஏறத்தாழ 60 கோடி டன் ஹைட்ரஜன் அணுக்கரு இணைவால் ஹீலியமாகிறது. அப்போது 40 லட்சம் டன்னுக்கும் மிகுதியான நிறை ஆற்றலாக மாறுகிறது. இவ்வாற்றல் உள்ளடுக்குகளைக் கடந்து ஒளிக்கோளம் என்னும் மேற்பரப்பை அடையப் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகின்றன. அங்கிருந்து புவியை அடைய ஒளிக்கு 8 நிமிடம் 20 நொடியே போதும். 460 கோடி ஆண்டுகளாக ஒளிரும் கதிரவன், இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகள் ஒளிரும்.

வெப்பநிலையும் தகடும்

உலையிலிட்ட இரும்பு முதலில் சிவக்கும். வெப்பம் ஏற ஏற மஞ்சளாகிப் பின் வெண்மையாக ஒளிரும். பொருளின் வெப்பநிலையே அது மிகுதியாக உமிழும் ஒளியின் வகையை முடிவுசெய்கிறது. ஒளிக்கோளத்தின் வெப்பநிலை ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸ் ஆதலால், கதிரவன் உமிழும் ஆற்றலின் பெரும்பகுதி கண்ணுக்குப் புலனாகும் ஒளியாகவும் அகச்சிவப்புக் கதிராகவும் உள்ளது.

ஒவ்வொரு குறைகடத்தியும் குறிப்பிட்ட அளவுக்குக் குறைந்த ஆற்றலுடைய ஒளியை ஏற்பதில்லை. அவ்வளவை விஞ்சும் ஆற்றலோ வெப்பமாக வீணாகிறது. இவ்விரு இழப்புகளையும் குறைக்கும் இடைநிலை அளவைக் கொண்ட பொருள்களுள் ஒன்று காட்மியம் டெலுரைடு. சில மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலமே கதிரொளியை ஈர்க்கப் போதுமானது. பிள்ளைப்பாக்கத்தில் ஃபர்ஸ்ட் சோலார் நிறுவனம் கண்ணாடியின்மீது இப்படலத்தைப் படியச்செய்து தகடுகளை உருவாக்குகிறது. 2024 சனவரியில் திறக்கப்பட்ட இவ்வாலையின் ஆண்டு உற்பத்தித் திறன் 3.3 ஜிகாவாட்.

ஒளி வேண்டும், வெம்மை வேண்டா

புவியின் வளிமண்டல எல்லையில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 1,361 வாட் கதிராற்றல் வந்துசேர்கிறது. மேகமற்ற நண்பகலில் தரையை அடைவது ஏறத்தாழ 1,000 வாட். திருப்பெரும்புதூர் ஏறத்தாழ 13 டிகிரி வட அகலாங்கில் உள்ளதால், ஏப்ரல் பிற்பகுதியிலும் ஆகஸ்டு மாதத்திலும் கதிரவன் நேர் உச்சிக்கு வரும். நட்ட கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கும். எனினும், தகடு சூடேறினால் அதன் திறன் குறையும். மின்னாக்கத்திற்கு உதவுவது ஒளியே, வெம்மை அன்று. வெப்பத்தால் காட்மியம் டெலுரைடு அடையும் இழப்பு, சிலிக்கானின் இழப்பைவிடக் குறைவு. வெப்பம் மிகுந்த தமிழகத்திற்கு இது பொருந்திய பண்பாகும்.

தெரிந்து தெளிவோம்

கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1901 முதல் கதிரவனை உற்றுநோக்கி வருகிறது. கதிரவப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை 1909இல் அங்குக் கண்டறிந்தவர் ஜான் எவர்ஷெட். அது 'எவர்ஷெட் விளைவு' எனப்படுகிறது. இந்தியாவின் ஆதித்யா எல்-1 விண்கலம், புவியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவிலுள்ள தன் நிலையை 2024 சனவரி 6 அன்று அடைந்தது. கதிரவனை ஆராயும் விண்கலம் நிலைகொண்ட அதே திங்களில், அதன் ஒளியை மின்னாக்கும் தகட்டாலையும் பிள்ளைப்பாக்கத்தில் திறக்கப்பட்டது.