வீடியோ நிக்காஹும் அமெரிக்க விசாவும்

மாப்பிள்ளை அமெரிக்கக் குடிமகன். லீவு இல்லையென்று வீடியோவிலேயே நிக்காஹ் நடத்தலாமா என நம்மிடம் கேட்கிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்றே சொல்கிறோம். மணமக்கள் ஒரே இடத்தில் இல்லாமல் நடந்த திருமணத்தை, அதன்பின் அவர்கள் இல்லறத்தில் சேர்ந்திருந்தால்தான் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம் ஏற்கும். இல்லையேல் மனைவிக்காகப் போடும் ஐ-130 மனு தள்ளுபடியாகும்; பெண் தாய்வீட்டிலேயே காத்துக் கிடப்பாள்.

அவர் ஊர் வந்தபின் நிக்காஹ் வைப்பதே நல்லது. ஏற்கெனவே வீடியோவில் முடித்தவர்கள், அவர் வந்து பெண்ணோடு தங்கிய பிறகே மனுப் போடுங்கள். விமான டிக்கெட், பாஸ்போர்ட் முத்திரை, சேர்ந்து தங்கிய ரசீது எதையும் தொலைத்துவிடாதீர்கள்.

பள்ளிவாசல் தஃப்தரோடு நின்றுவிடாமல், 2009ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டப்படி 90 நாட்களுக்குள் சார்பதிவாளரிடமும் திருமணத்தைப் பதிவுசெய்யுங்கள். பெயர் எழுத்துகள் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும்.