காய்ச்சலின் இரண்டாம் நாள்

மருத்துவ மாணவர்களைக் குடும்ப மருத்துவரின் கிளினிக்கில் உட்கார வைக்க வேண்டும் என்று சொன்னாலே, ‘சளி, காய்ச்சல் பார்க்கிற இடத்தில் என்ன கற்றுக்கொள்ளப் போகிறார்கள்?’ என்று கேட்கிறார்கள். 1961-இல் கெர் வைட்டும் அவருடைய சகாக்களும் போட்ட கணக்கு ஒன்று உண்டு. ஆயிரம் பெரியவர்களில் ஒரு மாதத்தில் 750 பேருக்கு ஏதாவது உடல்நலக் குறைவு வருகிறது. 250 பேர் மருத்துவரைப் பார்க்கிறார்கள். 9 பேர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார்கள். பல்கலைக்கழக மருத்துவமனை வரை போகிறவர் ஒரே ஒருவர். அது அமெரிக்க, பிரிட்டிஷ் தரவு. நம்மூரில் மருத்துவக் கல்லூரி ஓபிக்கு நேரே வருகிறவர்கள் ஏராளம் என்பதால் எண்கள் மாறும். ஆனாலும் நம் மாணவர் தன் படிப்பின் பெரும்பகுதியைக் கழிப்பது அந்த ஒருவரின் கட்டிலருகேதான். மற்ற 249 பேரையும் அவர் படித்து முடித்த பிறகு, தனியாக, கேட்க ஆளில்லாமல் சந்திக்கிறார்.

வார்டில் அவர் பார்க்கும் டெங்கு நோயாளிக்கு நோயின் பெயர் கேஸ் ஷீட்டில் ஏறியிருக்கும், தட்டணுக்களின் எண்ணிக்கை வரிசையாக இருக்கும். கிளினிக்குக்கு அதே பிள்ளை காய்ச்சலின் இரண்டாம் நாளில் வருகிறது. டெங்குவாக இருக்கலாம், டைபாய்டாக இருக்கலாம், தானே போய்விடும் வைரஸ் காய்ச்சலாகவும் இருக்கலாம். இங்கே மருத்துவர் கை கால் சில்லிட்டிருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறார், சிறுநீர் கடைசியாக எப்போது போனது என்று கேட்கிறார், வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், சோர்ந்து கிடப்பது என்று எதற்கெல்லாம் உடனே ஓடிவர வேண்டும் என்று தாயிடம் சொல்லி, அவர் வாயாலேயே திரும்பச் சொல்லவும் வைக்கிறார். டெங்குவில் ஆபத்து பெரும்பாலும் காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் தொடங்குகிறது. பிள்ளை தேறிவிட்டது என்று வீட்டார் நினைப்பதும் அப்போதுதான். ‘காய்ச்சல் விட்டாலும் நாளைக்குக் கூட்டிட்டு வாங்கம்மா’ என்ற ஒரு வரிக்குள் நோயின் போக்கைப் பற்றிய அறிவு முழுதும் இருக்கிறது. நோய்க்குப் பெயர் வைக்க முடியாத நாளிலும் பாதுகாப்பாக முடிவெடுக்கும் இந்தத் திறமையை வார்டில் கற்றுத்தர வழியில்லை.

சும்மா உட்கார வைத்தால் இதெல்லாம் வந்துவிடாது. முதல் சில நாள்கள் பார்க்கட்டும். பிறகு ஓபிக்கு நாலைந்து பேரையாவது மாணவர் முதலில் தனியாகப் பார்த்து, நோயாளியின் முன்னிலையிலேயே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நான் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள்: என்னவாக இருக்கும் என்று நினைக்கிறாய், எதைத் தவறவிடக் கூடாது, எப்போது திரும்ப வரச் சொல்வாய்? மூன்றாவதில்தான் பெரும்பாலோர் திணறுகிறார்கள். மாணவர் உடனிருக்க நோயாளியின் சம்மதத்தை டோக்கன் கொடுக்கும் இடத்திலேயே கேட்டுவிடுங்கள்; டாக்டர் முகத்துக்கு நேராக யாராலும் ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாது.

எதிர்ப்புகளில் கனமானது தரம் பற்றியது. எந்தக் காய்ச்சலுக்கும் ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுக்கும் கிளினிக்குகள் இருக்கின்றன. மாணவர் அதைத்தானே கற்பார்? நியாயமான பயம். ஆகவே ஆசிரியராக இருக்கத் தகுதியுள்ளவர்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பயிற்சி தர வேண்டும், ஓபி மெதுவாக நகர்வதால் வரும் இழப்புக்கு ஊதியமும் தர வேண்டும். சேவை மனப்பான்மையை மட்டும் நம்பி இதை நடத்த முடியாது. தேர்வில் பின்தங்குவார்கள் என்பது இன்னொரு கவலை. ஆஸ்திரேலியாவின் பிளிண்டர்ஸ் பல்கலைக்கழகம் 1997 முதல் ரிவர்லாண்ட் பகுதியில் மாணவர்களை ஓராண்டு பொது மருத்துவர்களிடம் விட்டுப் படிக்க வைத்தது. 2004-இல் வெளியான ஆய்வின்படி அவர்களுடைய தேர்வு முடிவுகள் அடிலெய்டு பெரிய மருத்துவமனையில் படித்தவர்களுடையதைவிட மேம்பட்டிருந்தன. விருப்பப்பட்டுப் போனவர்கள் அவர்கள். எல்லாப் பெருமையும் இடத்துக்கே என்று நான் வாதாட மாட்டேன். பின்தங்குவார்கள் என்ற பயத்துக்கு ஆதாரமில்லை என்ற அளவில் நிற்கிறேன்.

நம்மிடம் 2022-இல் குடும்பத் தத்தெடுப்புத் திட்டம் வந்தது, நல்லதுதான். வீடுவீடாகப் போய் பிபி பார்ப்பது மக்களை அறிய உதவும், முடிவெடுக்கக் கற்றுத்தராது. ஹவுஸ் சர்ஜன் ஆண்டில் சமூக மருத்துவத்துக்கென 12 வாரங்கள் இருக்கின்றன. அதில் நான்கு வாரங்களை ஒரே குடும்ப மருத்துவரிடம், இடம் மாற்றாமல், தொடர்ச்சியாகக் கொடுத்தால் போதும். திரும்ப வரச் சொன்ன நோயாளி வரும்போது அதே மாணவர் அங்கே இருப்பார்.