நாய்க்குக் காய்ச்சல் பார்ப்பது எப்படி?

பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து எல்லையோரச் சிற்றூர்களில் நாய் வளர்க்கும் வீடுகள் ஏராளம். ரப்பர் மரமும் ஆடும் கோழியும் உள்ள வீட்டுக்கு அதுதான் காவல். பிழைப்புக்காக இங்கு வந்து குடியேறிய நம் குடும்பங்களிலும் இந்தப் பழக்கம் வந்துவிட்டது. ஆனால் ஒரு நாள் நாய் சோற்றைத் தொடாமல் சுருண்டு படுத்தால், உடனே மூக்கைத் தொட்டுப் பார்க்கிறோம். காய்ந்திருந்தால் காய்ச்சல், ஈரமாக இருந்தால் நலம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். இது சரியன்று. தூங்கி எழுந்த நாயின் மூக்கும் காய்ந்திருக்கும். கடுங்காய்ச்சலில் கிடக்கும் நாயின் மூக்கும் ஈரமாக இருக்கலாம்.

உடம்பைத் தொட்டுப் பார்ப்பதும் ஏமாற்றும். நம் உடல் வெப்பம் 98.6 டிகிரி பாரன்ஹீட்டை ஒட்டியது. நாய்க்கோ 101 முதல் 102.5 வரை, அதாவது 38.3 முதல் 39.2 செல்சியஸ் வரை, இயல்பு. ஆகவே நல்ல உடல்நலத்தோடு இருக்கும் நாயும் நம் கைக்குச் சூடாகவே தெரியும். நமக்கு 102 என்றால் கம்பளியைப் போர்த்திக்கொண்டு படுத்துவிடுவோம். நாய் அதே 102-இல் பூனையைத் துரத்திக்கொண்டிருக்கும்!

இதை அறியாமல், "உடம்பு சுடுகிறதே" என்று வீட்டில் மிச்சமிருந்த மாத்திரையைச் சோற்றில் பிசைந்து கொடுப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இபுபுரூஃபன் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாரசிட்டமால் அளவு மிஞ்சினால் கல்லீரலைக் கெடுக்கும். இல்லாத காய்ச்சலுக்கு மருந்து கொடுத்து நாயைப் பறிகொடுக்க வேண்டுமா?

நூறு, இருநூறு ரூபாய்க்குள் மருந்துக் கடையில் கிடைக்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அதில் ஒரு சிவப்பு நூலைக் கட்டி நாய்க்கென்றே தனியாக வையுங்கள். பாதரசக் கண்ணாடிக் குழாய் வேண்டாம். நாய் துள்ளினால் உடைந்துவிடும். 2020-இல் கொரோனாவுக்காக வாங்கிய, நெற்றிக்கு நேரே பிடிக்கும் கருவியும் உதவாது. அது ரோமத்தின் சூட்டைத்தான் காட்டும்.

வெயிலில் ஓடி வந்த நாயை அரை மணி நேரம் நிழலில் இருக்க விடுங்கள். பிறகு ஒருவர் தலையை அணைத்துப் பிடித்து, பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் தெர்மாமீட்டரின் முனையில் வாசலினோ தேங்காய் எண்ணெயோ தடவி, வாலை மெல்லத் தூக்கி, ஆசனவாயில் ஓர் அங்குலம் செலுத்த வேண்டும். குட்டிக்கு அரை அங்குலம் போதும். முனை மலத்தில் குத்தி நின்றால் அளவு தவறும்; சற்றே சாய்த்து உட்சுவரைத் தொடுமாறு வைத்து, ஒலி எழும்வரை பொறுத்திருங்கள். பின்பு சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டால் துடைத்து வையுங்கள். நாய் நலமாக இருக்கும்போதே மூன்று நாள் இப்படிப் பார்த்துக் குறித்துக்கொண்டால், அதன் இயல்பான அளவும் தெரியும், அதற்கும் பழகிப்போகும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை. குணம் திடீரென்று மாறிய நாய், எச்சில் ஒழுகவிடும் நாய், குரல் மாறிய நாய், விழுங்க முடியாமல் தவிக்கும் நாய் இவற்றின் அருகே தெர்மாமீட்டரோடு போகவே கூடாது. அது வெறிநோயாக இருக்கலாம். கடியோ கீறலோ பட்டுவிட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும்.

104-ஐத் தாண்டினால் அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். வெயில் தாக்கி 106-க்கு ஏறினால் வீட்டிலிருந்தே சிகிச்சை தொடங்க வேண்டும்: நிழல், உடம்பெல்லாம் குளிர்ந்த நீர், விசிறி. 103.5-க்கு இறங்கியதும் நீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கொண்டு போங்கள். இல்லையேல் அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும். 99-க்குக் கீழே போவதும் ஆபத்தே. சினை நாய்க்கு மட்டும் இது வேறு செய்தி: பிரசவத்துக்கு ஏறத்தாழ ஒரு நாள் முன்பு வெப்பம் 99-க்குக் கீழே இறங்குவது இயல்பு.

நம் பக்கத்தில் உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். காய்ச்சலோடு ஈறு வெளுத்து, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அதைச் சந்தேகிக்கலாம். மழைக்காலத்தில் எலிக்காய்ச்சலும் நாய்க்கு வரும். அது மனிதருக்கும் தொற்றும். எனவே சிறுநீரை வெறுங்கையால் துடைக்காதீர்கள்.

மருத்துவரிடம் போகும்போது நாள், நேரம், டிகிரி மூன்றையும் எழுதிய தாளைக் கொண்டு போங்கள். இங்கே காய்ச்சலுக்குப் 'பனி' என்று பெயர். நம் ஊர்ப் பனியை நினைத்து, "நாய் பனியில் கிடந்தது" என்று சொல்லிவைத்தால் அவர் வேறு பொருள் கொள்வார். எண்ணுக்கு அந்தக் குழப்பம் இல்லை. வண்டி கிடைக்காவிட்டால் 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ சேவையை அழைக்கலாம். இரு மாநிலங்களுக்கும் அதே எண்தான். ஆகையால் ஊர்ப் பெயரோடு பஞ்சாயத்தையும், களியக்காவிளைக்கு இப்புறமா அப்புறமா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.