கனமும் பங்கும்: திருச்சபைத் தலைமையிலும் குடும்பத்திலும் சமத்துவ உறவு

கிறிஸ்தவத் திருச்சபையிலும் குடும்பத்திலும் ஆண், பெண் உறவு குறித்து எழும் விவாதங்கள் பெரும்பாலும் பெண்ணுக்குக் கனம் கொடுக்கப்படுகிறதா என்ற கேள்வியோடு நின்றுவிடுகின்றன. தமிழ்ச் சபைகளைப் பொறுத்தவரை அக்கேள்விக்கு விடை எளிது. தாயாகவும் ஜெப வீராங்கனையாகவும் போதகரின் துணைவியாகவும் பெண்ணைப் போற்றுவதில் அவை குறைவைத்ததில்லை. சபையின் பணமும் பிரசங்க மேடையும் யாருடைய முடிவின்படி பயன்படுகின்றன, வீட்டின் வருமானமும் உழைப்பும் ஓய்வும் யாருடைய சொற்படி பகிரப்படுகின்றன என்பதே இன்னும் விடை காணப்படாத கேள்வி. சமத்துவ உறவு என்று இங்கே குறிக்கப்படுவது, இருவரையும் பாதிக்கும் முடிவுகளில் இருவருக்கும் ஒத்த பங்கும், அம்முடிவுகளின் சுமையில் இருவருக்கும் ஒத்த பொறுப்பும் இருப்பதாகும். இருவரும் ஒரே வேலையைச் செய்ய வேண்டும் என்பது அதன் பொருளாகாது. கனம் செலுத்துவதால் பங்கு தானாக வந்துவிடுவதில்லை என்பதும், நாள்தோறும் கடைப்பிடிக்கப்படும் சிறு ஒழுங்குகளால்தான் பங்கு நிலைபெறுகிறது என்பதும் சபைப் பணியிலும் இல்லறத்திலும் நெடுங்காலம் தோய்ந்தவர்களின் அனுபவம் தரும் முதன்மையான பாடமாகும்.

வரலாறு கற்பிப்பது

தமிழ்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளின் வரலாறு இப்பாடத்தைப் பலமுறை உறுதிசெய்கிறது. பிராமணக் கைம்பெண்ணான குளோரிந்தா 1778-இல் மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் திருமுழுக்குப் பெற்றார். பாளையங்கோட்டையில் 1785-இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயம் அவருடைய முயற்சியால் எழுந்தது. 1780-இல் எழுதப்பட்ட அச்சபையின் பதிவேட்டில் இடம்பெற்ற 40 பெயர்களில் முதற்பெயரும் அவருடையதே. அடுத்த நூற்றாண்டில், ஆண் ஊழியர் நுழைய முடியாத வீடுகளுக்குள் சென்று பெண்களுக்கு வேதத்தையும் எழுத்தையும் கற்பித்த ‘பைபிள் உமன்’ எனப்பட்ட வேதாகமப் பெண்மணிகள் சபையின் வளர்ச்சிக்குத் தோள்கொடுத்தனர். ஆயினும் சபை நிறுவனமாக வளர்ந்து, அதற்கென விதிகளும் குழுக்களும் சொத்துகளும் உருவானபோது, அவற்றை ஆளும் இடங்களில் இப்பெண்களின் வழிவந்தோர் அரிதாகவே அமர்ந்தனர்.

ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், காங்கிரகேஷனல், பிரஸ்பிட்டேரியன் மரபுகள் ஒன்றிணைந்து 1947 செப்டம்பர் 27 அன்று சென்னைப் புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அதில் ஒரு பெண் முதன்முறையாகக் குருவாக அபிஷேகம் பெற்றது 1976-இல். ஒரு பெண் முதன்முறையாகப் பேராயரானது 2013-இல், நந்தியால் திருமண்டலத்தில் புஷ்பலலிதா பொறுப்பேற்றபோது. 1706-இல் தரங்கம்பாடியில் தொடங்கிய லுத்தரன் ஊழியத்தின் வழிவந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில் பெண்களின் குருத்துவ அபிஷேகம் 2006-இல் நிகழ்ந்தது. கதவு திறக்கப்பட்ட ஆண்டுக்கும் அதன் வழியே பலர் நடந்து செல்லும் ஆண்டுக்கும் இடையே ஒரு தலைமுறைக்கும் மேற்பட்ட காலம் கழிந்துவிடக்கூடும் என்பதை இவ்வாண்டுகள் காட்டுகின்றன.

ஆணையினால் மட்டும் உறவு மாறிவிடாது என்பதற்கு இன்னும் பழைய சான்றும் உண்டு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு உடனடியாகக் கைவிடப்பட வேண்டும் என 1833-இல் சுற்றறிக்கை விடுத்தபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பெரும் எதிர்ப்பு எழுந்தது. சுற்றறிக்கை வெளிவந்து ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் ஆகப்போகும் இந்நாளிலும் கல்லறைத் தோட்டங்களிலும் திருமணப் பேச்சுகளிலும் அவ்வேறுபாடு உயிரோடிருக்கிறது. பெண்களுக்கென ஒதுக்கப்படும் இடங்கள் சபையின் செல்வாக்குள்ள குடும்பங்களுக்கே தொடர்ந்து செல்லுமானால், தலித் பெண்கள் இருமுறை வெளியே நிறுத்தப்படுவார்கள் என்பதையும் இவ்வரலாறு நினைவூட்டுகிறது.

வேதத்தின் அடித்தளம்

ஆணின் தலைமை என்ற கருத்துக்கு எபேசியர் 5-ஆம் அதிகாரத்தின் 22-ஆம் வசனம் பெரும்பாலும் மேற்கோளாகிறது. ஆனால் அதற்கு முந்தைய வசனம் ஒருவருக்கொருவர் கீழ்ப்படிதலை விசுவாசிகள் அனைவருக்கும் பொதுவான கடமையாக வைக்கிறது என்பதும், அதைத் தொடர்ந்து கணவனுக்கு விதிக்கப்படும் கடமை மனைவிக்குரியதைவிட நீண்டதும் கடினமானதும் என்பதும் கவனிக்கப்பட வேண்டியவை. 1 கொரிந்தியர் 7-ஆம் அதிகாரத்தில் பவுல், மனைவியின் உடல்மீது கணவனுக்குள்ள அதிகாரத்தைச் சொன்ன அதே மூச்சில் கணவனின் உடல்மீது மனைவிக்குள்ள அதிகாரத்தையும் சொல்கிறார். தந்தையும் கணவனுமே பெண்ணை ஆண்ட ரோமானிய உலகில் இது எளிதாகச் சொல்லக்கூடிய கருத்தன்று. பிரிஸ்கில்லாளும் ஆக்கில்லாவும் சேர்ந்தே அப்பொல்லோவுக்குக் கற்பித்தனர். அவர்கள் வீட்டிலேயே சபை கூடியது. கெங்கிரேயா சபையின் ஊழியக்காரியாகிய பெபேயாள் ரோமருக்கு எழுதிய நிருபத்தின் இறுதியில் பரிந்துரைக்கப்படுகிறார்.

பெண் உபதேசிப்பதைத் தடுக்கும் 1 தீமோத்தேயு 2:12 எல்லாக் காலத்துக்கும் உரிய கட்டளை என்று கொள்வோரும் சபையில் உள்ளனர். அவர்களை வேதத்தை மதியாதவர்கள் என்றோ பிற்போக்காளர்கள் என்றோ ஒதுக்குவது உரையாடலை முறித்துவிடும். அவ்வசனத்தை, தவறான போதனை பரவியிருந்த எபேசு சபையின் சூழலில் வைத்து வாசிப்போர், அதே பவுல் 1 கொரிந்தியர் 11-இல் பெண்கள் சபையில் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பான நடைமுறையாகவே எடுத்துக்கொள்கிறார் என்பதைச் சுட்டுகின்றனர். இவ்விரு பகுதிகளையும் சபையின் வேதபாட வகுப்பில் ஆண்களும் பெண்களும் ஒருங்கே அமர்ந்து வாசிப்பது நல்ல தொடக்கமாகும். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மட்டும் நடக்கும் வேதபாடம், மாற வேண்டியவர்களில் பாதிப்பேரை வெளியே விட்டுவிடுகிறது.

சபைத் தலைமையில் கைக்கொள்ள வேண்டியவை

முதலாவது, குழுவில் இருக்கையும் குழுவில் குரலும் வெவ்வேறானவை. சேகரக் குழு என்பது, ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின் அன்றாட நிர்வாகத்தைக் கவனிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு. அதில் ஒரே ஒரு பெண் இடம்பெறும்போது அவருடைய கருத்து ‘பெண்களின் கருத்து’ என்று தனியே குறிக்கப்பட்டு ஒதுங்கிவிடுகிறது. இருவரோ மூவரோ இருக்கும்போது அவர்களுக்குள்ளும் கருத்து வேறுபாடு தோன்றி, ஒவ்வொருவரும் தனித்த உறுப்பினராக மதிக்கப்படும் நிலை உருவாகிறது. அதைவிடவும் பெரிய தடை, கூட்டத்துக்கு முன்பே ஆலய வாசலிலோ ஒருவர் வீட்டுத் திண்ணையிலோ ஆண்கள் சிலர் பேசி முடிவுசெய்துவிட்டு, குழுவில் கையெழுத்தை மட்டும் பெறும் வழக்கம். நிகழ்ச்சிநிரலையும் கணக்கறிக்கையையும் சில நாள்களுக்கு முன்பே உறுப்பினர் அனைவருக்கும் எழுத்தில் கொடுப்பதும், நிகழ்ச்சிநிரலில் இல்லாத பொருளில் அன்றே தீர்மானம் நிறைவேற்றாமல் இருப்பதும் இவ்வழக்கத்தைப் பெருமளவு குறைக்கும். கூட்டம் வைக்கும் நேரமும் ஒரு முடிவே. இரவு நெடுநேரம் நீளும் கூட்டத்துக்குச் சிறு குழந்தையுள்ள பெண் வர இயலாது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தும், அந்நேரத்தை மாற்றும் எண்ணம் எளிதில் தோன்றுவதில்லை.

இரண்டாவது, பணத்தின் வழி தெளிவாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நாளும் உலையிடும் முன் ஒரு பிடி அரிசியை எடுத்துவைத்துச் சபைக்குக் கொடுக்கும் பிடியரிசிக் காணிக்கை, அறுப்பின் பண்டிகையில் ஏலத்துக்கு வரும் பொருள்கள், பண்டிகை விற்பனைகள் எனப் பெண்களின் உழைப்பு சபையின் வருவாயில் நெடுங்காலமாகக் கலந்திருக்கிறது. அவ்வாறு ஈட்டப்படும் தொகை எதற்குச் செலவாக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும், வங்கிக் கணக்கில் கையொப்பமிடும் பொறுப்பும் அவர்களுக்கும் உரியனவாக வேண்டும். பெண்களுக்குச் செயலர், பொருளாளர் பொறுப்புகளைத் தரத் தயங்கும் சபை, விருந்துப் பொறுப்பை மட்டும் தயக்கமின்றித் தருமானால், அங்கே பகிரப்படுவது வேலை மட்டுமே.

மூன்றாவது, பெண்கள் ஞாயிறு என ஆண்டில் ஒரு நாளைப் பெண்களுக்குக் கொடுப்பதோடு பிரசங்க மேடையின் கணக்கு முடிந்துவிடக் கூடாது. சாதாரண ஞாயிறுகளின் பிரசங்க முறைப்பட்டியலில் பெண் போதகர்களும் தகுதிபெற்ற பெண் விசுவாசிகளும் முறையாக இடம்பெற வேண்டும். திருவிருந்து பரிமாறும் பொறுப்பு பெண் குருவுக்கு வழக்கமான கடமையாக அமைய வேண்டும். அபிஷேகம் பெற்ற பெண்ணை நெடுங்காலம் உதவி நிலையிலேயே வைத்திருப்பதும், சேகரப் பொறுப்பைத் தரும்போது மற்றவர் மறுத்த இடத்தைத் தருவதும், அவரைக் கொண்டாடி வெளியிடப்பட்ட வாழ்த்துரைகளை வெறுமையாக்கிவிடுகின்றன.

நான்காவது, போதகரின் மனைவியிடம் சபை கொண்டிருக்கும் எதிர்பார்ப்பு ஆராயப்பட வேண்டும். ஓய்வுநாள் பள்ளி, பாடகர் குழு, நோயாளிகளைச் சந்தித்தல், வருவோருக்கு உணவு எனப் பல பணிகளை அவர் ஊதியமின்றியும் நியமனமின்றியும் செய்ய வேண்டியிருக்கிறது. குருவாகப் பணியாற்றும் பெண்ணின் கணவரிடம் இவற்றை எவரும் எதிர்பார்ப்பதில்லை. புதிய போதகர் பொறுப்பேற்கும் நாளிலேயே, அவருடைய துணைவர் எப்பணியை விரும்பி ஏற்கிறார், எதை ஏற்கவில்லை என்று கேட்டறிந்து அதைக் குழுவில் பதிவுசெய்தால், பின்னாளில் எழும் மனத்தாங்கல்கள் பலவும் தவிர்க்கப்படும்.

ஐந்தாவது, முறையீடு செய்யும் வழி திறந்திருக்க வேண்டும். பணியிடங்களில் பெண்கள்மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், 10 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு அமைய வேண்டும் என்கிறது. திருமண்டலங்கள் நடத்தும் பள்ளிகளும் மருத்துவமனைகளும் பணியிடங்களே. ஊழியத்தின் பெயர் கெட்டுவிடும் என்ற அச்சத்தால் மறைக்கப்படும் முறைகேடு, பாதிக்கப்பட்டவரைச் சபையிலிருந்தும் சில வேளைகளில் விசுவாசத்திலிருந்தும் அகற்றிவிடுகிறது.

குடும்பத்தில் கைக்கொள்ள வேண்டியவை

சபைத் தலைமையும் குடும்ப வாழ்வும் தனித்தனியானவை அல்ல. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரம் சபைக் கண்காணியின் தகுதிகளுள் ஒன்றாக அவருடைய வீட்டு வாழ்வை வைக்கிறது. வாரத்தில் பல மாலைகளைக் கூட்டங்களுக்குக் கொடுக்கும் ஆண் தலைவரின் பணி, வீட்டில் பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனித்துக்கொள்ளும் மனைவியின் உழைப்பின்மேல் நிற்கிறது. அதே பொறுப்பை மனைவி ஏற்கும்போது வீட்டு உழைப்பு மறுபகிர்வு செய்யப்படாவிடில், அவருக்குக் கிடைத்த பதவி இரண்டாவது சுமையாக மாறி, சில ஆண்டுகளில் அவர் விலகிக்கொள்வதும், பெண்களுக்கு ஆர்வமில்லை என்று சபை முடிவுகட்டுவதும் நிகழ்கின்றன.

ஆகவே வீட்டில் கணவன் ‘உதவுவது’ போதுமானதன்று. சில பணிகளைத் திட்டமிடுவது முதல் முடிப்பது வரை முழுமையாக அவரே ஏற்க வேண்டும். பிள்ளையின் பள்ளிக் காரியங்களையோ இரவு உணவையோ ஒருவர் முழுப் பொறுப்பாக ஏற்கும்போதுதான், மற்றவரின் நினைவிலிருந்து அப்பாரம் உண்மையில் இறங்குகிறது. வருமானம் யார் ஈட்டினாலும், மாதச் செலவும் காணிக்கையும் இருவீட்டுப் பெற்றோருக்கான உதவியும் இருவரும் அமர்ந்து பேசி எழுதப்பட வேண்டும். மனைவியின் பெற்றோருக்குச் செய்வது தயவாகவும் கணவனின் பெற்றோருக்குச் செய்வது கடமையாகவும் கருதப்படும் வீட்டில் சமத்துவம் வேர்பிடிப்பதில்லை. குடும்ப ஜெபத்தைத் தந்தையும் தாயும் மகனும் மகளும் முறைவைத்து நடத்துவது, பிள்ளைகளின் மனத்தில் தலைமை என்பது குறித்த முதல் உருவத்தை அமைக்கிறது.

திருமணமும் சொத்தும் இவ்வுறவின் கடினமான சோதனைக்களங்கள். வரதட்சணை 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டிருந்தும், ஓலை வாசித்துத் திருமண அறிவிப்பு செய்யும் ஆலயத்துக்கு வெளியே ரொக்கமும் நகையும் பேசப்படுவதைச் சபை அறிந்தே மௌனம் காக்கிறது. 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம், உயிலின்றி இறந்த கிறிஸ்தவரின் பிள்ளைகளில் மகனுக்கும் மகளுக்கும் ஒத்த பங்கு தருகிறது. ஆனால் சீதனம் கொடுத்தாயிற்று என்று சொல்லி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் வழக்கம் அவ்வுரிமையைப் பலருக்கும் பறித்துவிடுகிறது. 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின்படி கணவன் மனைவியின் விபசாரம் ஒன்றையே காரணம் காட்டி மணவிலக்குப் பெற முடிந்தது. அதே குற்றத்தோடு கொடுமை, கைவிடுதல் போன்ற வேறொன்றையும் மனைவி நிரூபிக்க வேண்டியிருந்த அநீதி 2001-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் நீங்கியது. திருமணத்துக்கு முந்தைய ஆலோசனை வகுப்புகளில் இச்சட்டங்களும், வருமானம், வேலை, பிள்ளைப்பேறு ஆகியவை குறித்த வெளிப்படையான உரையாடலும் இடம்பெற வேண்டும். வீட்டில் அடிபடும் பெண்ணிடம் ‘பொறுத்துப்போ, ஜெபி’ என்று மட்டும் சொல்லித் திருப்பியனுப்பும் போதகர் அவரை ஆபத்துக்கே அனுப்புகிறார். 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் தரும் பாதுகாப்பை அவருக்கு எடுத்துச்சொல்லி, தங்க இடமும் துணையும் ஏற்பாடு செய்வதே மேய்ப்புப் பணி.

தொடங்கும் இடமும் அளக்கும் முறையும்

இவற்றை எல்லாம் ஒரே நாளில் நிறைவேற்ற முயலும் சபை பெரும்பாலும் சண்டையில் முடிகிறது. கணக்கறிக்கையை முன்கூட்டியே பகிர்வது, பிரசங்க முறைப்பட்டியலைத் திருத்துவது ஆகிய இரண்டையும் ஓராண்டு இடைவிடாமல் கடைப்பிடிப்பதும், வீட்டில் மாதக் கணக்கை இருவரும் சேர்ந்து எழுதுவதும் தொடக்கத்துக்குப் போதுமானவை. தயங்குவோருக்கு விளக்கம் தரப் பொறுமை வேண்டும். ஆனால் அப்பொறுமையின் விலையைப் பெண்கள் மட்டும் செலுத்தும்படி காலவரையின்றி ஒத்திவைப்பது நியாயமாகாது.

ஓராண்டின் முடிவில் எத்தனை பெண்கள் பதவியில் இருக்கிறார்கள் என்று எண்ணுவதோடு நில்லாமல், ஒரு பெண் மறுப்புச் சொன்னதால் எந்தத் தீர்மானம் மாறியது, எந்தச் செலவு நின்றது, எந்த வழக்கம் திருத்தப்பட்டது என்றும் குழுவின் பதிவேட்டைப் புரட்டிப் பார்க்க வேண்டும். கணவனும் மனைவியும் அதே கேள்வியைத் தங்களுக்குள் கேட்டுக்கொள்ள வேண்டும். சம்மதம் சொல்லும்போது மட்டும் கேட்கப்படும் குரலுக்குக் கிடைப்பது கனம். மறுப்புச் சொல்லும்போதும் முடிவை மாற்ற வல்ல குரலுக்கே பங்கு உண்டு.